றோசிக்காக நான் கேட்ட மன்றாட்டு

ஆண்டவரில் அன்பான உறவுகளே, இந்தச் சாட்சியத்தை எழுதித் தரும்படி பங்கு ஆலயத்தில் கேட்டபோது பல ஞாயிறுகள் சாக்குச் சொல்லித் தப்பினேன். மற்றவர்கள் தீராத நோய் தீர்ந்ததை எழுதுகிறார்கள். காணாமற்போன பிள்ளை வீடு வந்து சேர்ந்ததை எழுதுகிறார்கள். நான் எழுத வேண்டியது ஒரு நாயைப் பற்றி. அதுவும் சுனாமிக் காலத்தில், ஊரே பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நின்றபோது, நான் என் நாய்க்காக மன்றாடினேன். இதை எழுதும்போதே முகம் சுடுகிறது. ஆனாலும் அந்த மன்றாட்டை ஆண்டவர் கேட்டார். அதை மறைத்து வைத்தால் நான் நன்றி கெட்டவன்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் வயலின்காரன், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவன். வார நாட்களில் தச்சு வேலை. மற்ற நாட்களில் கல்யாண வீட்டு ஆட்டத்துக்கு வாசிப்பேன், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு வாசிப்பேன், சாவீட்டில் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டு வாசிப்பேன். எல்லாவற்றுக்கும் அதே வயலின்தான். "காலையில ஊர அழ வைக்கிறார், பின்னேரம் ஆட வைக்கிறார், வீட்டுக்கு வந்து என்னோட எரிஞ்சு விழுறார்" என்று என் மனைவி டொறின் வாறவர் போறவரிடம் எல்லாம் சொல்லுவாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. அடுத்த வளவில் லெஸ்லி அண்ணன் இருந்தார். தகர வேலை செய்கிறவர். மனைவி காய்ச்சலில் முன்பே போய்விட்டா. இருந்தது ஒரே மகள், ஷெரின். கல்யாண வயதுப் பிள்ளை. என் வயலின் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டே ஆடுவாள்.

றோசி ஒரு கல்யாணப் பந்தலுக்குக் கீழே எலும்புக்கு அலைந்த குட்டி. மண்ணிறம், ஒரு காது மடிந்திருக்கும். ஆட்டம் முடிந்து நான் புறப்பட்டபோது சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்து எங்கள் வாசல் கடப்படியில் படுத்துவிட்டாள். பெயர் வைத்தது ஷெரின்தான். நாய்க்கு மனுசப் பெயரா என்று லெஸ்லி அண்ணன் ஏசினார். "மனுசருக்கு நாய்ப் பேர் வச்சாத்தான் பிழை அப்பா" என்றாள் அவள். அந்தப் பெயரே நிலைத்தது.

காலையில் நான் வாசித்துப் பழகும்போது றோசி என் காலடியில் கிடப்பாள். மேல் தந்தியில் சுருதி விலகினால் தலையைத் தூக்கி முனகுவாள். ஊரில் உங்கள் பிழையைச் சொல்ல ஒராள்தான் இருக்கு, அதுக்கும் வாலிருக்கு என்று டொறின் சிரிப்பாள். கல்யாணங்களுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடிகளில் வயலின் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். றோசி எனக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்வாள். போகப்போக ஒரு ஆமிக்காரன் பெட்டியைப் பார்க்காமலே அவளுக்கு பிஸ்கட் போட்டு அனுப்பத் தொடங்கினான். அந்த யுத்த காலத்தில் பயமில்லாமல் சாவடி தாண்டியது எங்கள் வீட்டில் அவள் மட்டும்தான்.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். நானும் டொறினும் இரண்டு மகன்மாரும் பட்டணத்துக்குப் பூசைக்குப் புறப்பட்டோம். லெஸ்லி அண்ணனும் எங்களோடு வந்தார். மத்தியானம் விருந்தாட்கள் வருவதால் ஷெரின் சமைக்க நின்றாள். றோசி வழக்கம்போலக் கல்லடிப் பாலம் வரைக்கும் ஓடிவந்தாள். "வீட்ட போ" என்றேன். திரும்பிப் போனாள். என் சொல்லை எப்போதும் கேட்கிற பிராணி அது.

பிறகு கடல் வந்தது. அதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. பூசைக்குப் போனதால் என் குடும்பம் மிஞ்சியது. கையில் இருந்ததால் வயலினும் மிஞ்சியது. வீடிருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. ஷெரினைக் காணவில்லை. றோசியையும் காணவில்லை.

பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எங்கள் வகுப்பறையில் ஒரு பிள்ளையையாவது இழக்காத குடும்பம் எங்களுடையது மட்டும்தான். பக்கத்தில் மேரியக்கா. அவவின் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவவுக்கு முன்னால் என் மகன்மாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்த லட்சணத்தில் எனக்கு அழுகை வந்தது றோசியை நினைத்து. லெஸ்லி அண்ணன் தினமும் கரைக்குப் போய் மகளைத் தேடினார். நானும் போனேன். யாராவது என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் சாமான் தேடுகிறேன் என்றேன். ஆளில்லாத இடத்தில் மெல்ல றோசி, றோசி என்று கூப்பிட்டேன். சீ, நீயும் ஒரு மனுசனா என்று என்னை நானே ஏசிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்த நாட்களில் ஒருமுறை லெஸ்லி அண்ணன் என்னிடம் வந்தார்.

"தம்பி, ஷெரினுக்கு ஒருக்கா வாசி" என்றார்.

எங்கள் வாசிப்புக்காரரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெட்டி இல்லாமல் சாவீட்டுப் பாட்டு வாசிக்கக் கூடாது. யுத்தத்தில் எத்தனையோ பேர் காணாமல் போனார்கள். காணாமற்போனவருக்கு அந்தப் பாட்டை வாசித்தால், எங்கோ உயிரோடு இருக்கிறவரைச் சாகச் சொன்னது போலாகும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

"பொறுங்க அண்ணன். ஆள் கிடைக்கல்லையே. பெட்டி இல்லாம வாசிக்கப்படாது" என்றேன்.

"ஓம்" என்றார். போய்விட்டார். நான் செய்தது சரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

பின்னேரங்களில் சிஸ்டர் ஒருவர் வந்து செபம் சொல்லுவார். வட்டமாக இருப்போம். ஒவ்வொருவரும் இழந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த ஆன்மாவின் இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்வார்கள். மேரியக்கா இரண்டு பெயர் சொன்னா. லெஸ்லி அண்ணன் ஒரு பெயர் சொன்னார். அடுத்தது நான். யாருமில்லை என்று தலையாட்டினால் போதும். வாயைத் திறந்தேன், றோசி என்று வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. எல்லாரும் ஒரே குரலில் றோசிக்காக வேண்டினார்கள்.

அவர்கள் அவளை என் மகள் என்று நினைத்தார்கள். மகள் இல்லாவிட்டால் மருமகள், பெறாமகள், யாரோ ஒரு பெண்பிள்ளை. அந்த வட்டத்தில் உண்மை தெரிந்தவர்கள் டொறினும் லெஸ்லி அண்ணனும்தான். டொறின் குனிந்துகொண்டாள். லெஸ்லி அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மகளுக்கு வாசிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் இது. அதே வாய் இப்போது அவருடைய மகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாயின் பெயரைச் சொல்லியிருக்கிறது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மேரியக்கா தன் இரண்டு மெழுகுதிரிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை ஏற்றத் தொடங்கினா. "றோசிக்கு" என்று சொல்லி என் தலையைத் தடவினா. தனக்குக் கிடைத்த தேத்தண்ணியை என்னிடம் நீட்டினா. இரண்டு கையாலும் வாங்கினேன். குடித்தேன். உண்மையைச் சொல்லுங்க என்று டொறின் நச்சரித்தாள். சொல்ல வாயெடுப்பேன், அந்த மூன்று திரியையும் பார்ப்பேன், வாயை மூடிக்கொள்வேன். பூசைக்குக் கேட்டும் வயலினைத் தொடவில்லை. தந்திகளைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். லெஸ்லி அண்ணன் ஒரு வாசலால் வந்தால் நான் மறு வாசலால் போனேன்.

கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் தனியாக நின்று மன்றாடினேன். நீட்டாமல் சொல்கிறேன், நான் கேட்டது இதுதான். ஆண்டவரே, றோசி எங்கே என்று மட்டும் எனக்குக் காட்டும். இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை தாய்மார் அழும்போது நாயைக் கேட்கிறானே என்று கோபிக்காதேயும். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். பதில் வரும் என்று நான் நம்பவுமில்லை.

அடுத்த நாள் லெஸ்லி அண்ணன் என்னைத் தேடி வந்தார். ஒளிக்க இடமில்லை. பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி, உன்னட்ட ஒண்டு சொல்லாம விட்டுட்டன். றோசிய நான்தான் தாட்டன்."

எனக்கு விளங்கவில்லை.

"ரெண்டாம் நாள் தேடிப் போகக்குள்ள தாழைப் பத்தைக்குள்ள மண்ணிறமா ஒண்டு தெரிஞ்சிச்சு. எண்ட புள்ளைர முடி எண்டு ஓடிப்போய்ப் பாத்தன். பாத்தா உண்ட நாய். விட்டுட்டு வர மனம் வரல்ல தம்பி. எண்ட புள்ளைக்குக் குழி வெட்ட எனக்குக் கிடைக்கல்ல. இதுக்காவது வெட்டுவம் எண்டு கையாலயே தோண்டித் தாட்டன்."

"ஏன் அண்ணன் சொல்லல்ல?"

"வெக்கம். மகளத் தேடப் போனவன் நாய்க்குக் குழி வெட்டினானாம் எண்டு சனம் சொல்லாதா? நேத்தில இருந்து மனசு கேக்குதில்ல. சொல்லு, சொல்லு எண்டு உள்ளுக்க இருந்து ஒரே அரிப்பு. அதான் வந்தன்."

நேற்றிலிருந்து என்றார் அவர். நான் கிணற்றடியில் நின்றதை அவர் காணவில்லை, கேட்கவுமில்லை. உறவுகளே, இதைக் கவனியுங்கள். நான் வெட்கத்தோடு கேட்டேன். ஆண்டவர் அதே வெட்கத்தைச் சுமந்துகொண்டிருந்த ஒருவரிடம் பதிலைக் கொடுத்து அனுப்பினார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அழுகை அடங்கியபின் அவர் சொன்னார்:

"வயலின எடுத்துட்டு வா. அங்க போய் வாசி. எண்ட புள்ளைக்கும் வேற இடமில்ல. அந்தக் குழியடிதான் எனக்கு இருக்கு."

பெட்டியைப் பற்றியும் கட்டுப்பாட்டைப் பற்றியும் நான் பேசவில்லை. தந்திகளை முறுக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். தாழையடியில் சின்ன மண்மேடு. அதன்மேல் ஒரு உடைந்த ஓட்டுத்துண்டை அடையாளத்துக்குக் குத்தி வைத்திருந்தார். சாவீட்டுப் பாட்டைத் தொடங்கினேன். அவர் கையால் மறித்தார்.

"அவள் இந்த அழுகைப் பாட்டுக்கு எப்ப நிண்டவள்? ஆடுற பாட்டு வாசி."

கல்யாண வீட்டு ஆட்டப் பாட்டை வாசித்தேன். விரல்கள் பழக்கமில்லாமல் பிசகின. சுருதி விலகிய இடத்தில் என்னை அறியாமலே நின்று கீழே பார்த்தேன். பிறகு மறுபடி வாசித்தேன். லெஸ்லி அண்ணன் மண்மேட்டில் கையை வைத்து, விரலால் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். யாருக்காக வாசித்தேன் என்று கேட்டால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கடல் வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் ஒரு பிடி சோறு ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அன்று பின்னேரம் செபத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். றோசி என் நாய், என்னை மன்னியுங்கள் என்றேன். பிறகு ஒருவர் கடலில் போன தன் பசுவின் பெயரை மெல்லச் சொன்னார். எல்லாரும் அப்படி இரங்கினார்கள் என்று எழுதினால் பொய்யாகும். மேரியக்கா எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றா.

"எண்ட ரெண்டு புள்ளைக்கும் பக்கத்தில நாய்க்கா திரி ஏத்தினன்?"

அதன்பின் அவ என்னோடு கதைக்கவில்லை. பிறகு எங்களுக்கு வீடு தந்த புதுக் குடியேற்றத்தில் அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தா. ஆலயத்தில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வா. அவவுக்கு அதற்கு உரிமை இருந்தது. அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை, இன்றும் போகவில்லை. ஆனால் அந்த வெட்கத்தோடு ஆண்டவருக்கு முன்னால் நிற்கலாம் என்பதைப் பழகிக்கொண்டேன்.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் மேரியக்கா எங்கள் கடப்படியில் நின்றா. கூடவே அவவின் தங்கை. தங்கையின் மகன் வன்னிப் பக்கம் போனவன். முகாம்களில் இல்லை. எங்கும் பெயரில்லை.

"பெட்டி இல்ல. ஆளும் இல்ல. நீ அப்பிடியும் வாசிப்பியாம்" என்றா மேரியக்கா, என் முகத்தைப் பார்க்காமல். "லெஸ்லி அண்ணன் சொன்னார்."

"வாறன் அக்கா" என்றேன்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டா. "தம்பி, அவனச் சாகச் சொல்லி வாசிச்சிராத. எங்க இருந்தாலும் கேக்கட்டும் எண்டு வாசி."

அன்று அந்த வீட்டு முற்றத்தில் அவனுக்குப் பிடித்தமான பாட்டுகளையெல்லாம் கேட்டுக் கேட்டு வாசித்தேன். மேரியக்கா என்னை மன்னித்தாவா என்று நான் கேட்கவில்லை. புறப்படும்போது தேத்தண்ணி தந்தா. குடித்தேன். அதற்குப் பிறகு இப்படி எத்தனையோ முற்றங்களில் வாசித்துவிட்டேன். கூலி வாங்குவதில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் சைவ வீடுகளிலும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். அவர்கள் தங்கள் சாமியிடம் கேட்கிறார்கள், நான் என் ஆண்டவரிடம் கேட்கிறேன்.

அன்பானவர்களே, பெரிய துன்பத்துக்கு மன்றாட எல்லாருக்கும் தெரியும். இதைப் போய்க் கடவுளிடம் கேட்பதா என்று நீங்கள் விழுங்கி வைத்திருக்கிற ஒன்று இருக்கும். நாலு பேருக்குத் தெரிந்தால் தலைகுனிவு என்று மறைத்திருப்பீர்கள். அதைக் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள். நான் கேட்டது ஒரு நாயின் இருப்பிடம். அவர் கொடுத்ததோ, அழுவதற்கு இடமில்லாமல் நின்ற ஒரு தகப்பனுக்கு ஒரு பிடி மண். நாய்க்காக வந்து நின்றவனையே அவர் விரட்டவில்லை. உங்களையா விரட்டப் போகிறார்?