சாமைக் களத்தில் ஓர் அமெரிக்க ஓவியர்

இந்த ஓவியரைப் பற்றிய புகழுரைகளில் பாதி புனைவு. ஆகவே கண்டதையும் அவரே சொன்னதையும் மட்டும் எழுதுகிறேன். அமெரிக்க வார இதழ்களின் அட்டைகளால் பெயர்பெற்றவர், அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலைச்சரிவில் தூரிகையைத் தொடாமல் நிற்கிறார். முகத்தை ஒரு நிழற்படமாகவும் கைகளை இன்னொன்றாகவும் எடுத்துப்போய், தம் ஊரில் இணைத்து, அதன்மேல் கோடிழுத்து வண்ணம் பூசுவாராம். இதற்குப் பெயர் கலை!

மேகம் கறுக்கிறது. சாமை உலர்த்தும் காளியம்மாளை நிறுத்தி முகத்தைப் படமெடுத்தவர், போதாதென்று தாமே பல்லிளித்துக் காட்டி, இப்படிச் சிரி என்கிறார். நான் மொழிபெயர்க்கிறேன்.

“இன்னாத்துக்குங்க சிரிக்கறது? சாமை நனைஞ்சா தொரையா வந்து கஞ்சி ஊத்துவாரு? அவரே இளிச்சிக்கினு நிக்கட்டும்!”

அவள் குனிந்து சாமையை வாருகிறாள். மழை இறங்கியதும், அவள் கைகளைப் படமெடுக்காமலே, அவர் படக்கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார். சாமை நனையாமல் கூடை சேர்கிறது. அந்த முகத்துக்குக் கீழே யாருடைய கைகளை வரைவார் என்பது எனக்குத் தெரியாது.