பலமனேர் சக்களத்தி

எனக்கு வாய்த்த சக்களத்தி ஓர் ஆண்பிள்ளை. பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், பெரிய மீசைக்காரர், பேரன் பேத்தி எடுத்தவர். என் வீட்டுக்காரர் குடியை விட்டதிலிருந்து அவரோடுதான் குடித்தனம் நடத்தினார் என்று சொன்னால் தப்பில்லை.

நாங்கள் ஆந்திரப் பக்கத்துப் புத்தூர்க்காரர்கள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. வீட்டுக்காரருக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் தானாக ஒயின் ஷாப்புக்குப் போகும். திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிறார்கள் என்று கூட வேலை செய்பவர் சொல்ல, அங்கே போக ஆரம்பித்தார். அங்கே டாக்டரும் கிடையாது, சாமியாரும் கிடையாது. குடித்தவர்கள் குடித்தவர்களோடு பேசுவார்கள், அவ்வளவுதான். மண்டிக்காரர் அங்கே கிடைத்தவர்.

சாயங்காலம், ஷாப்புப் பக்கம் மனசு இழுக்கிற அந்த நேரத்தில், இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வது என்று அவர்களுக்குள் ஏற்பாடு. வீட்டுக்காரர் குடிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான், கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். ஆனால் வயிறு எரிந்தது. போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். இறங்கி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் வாயில் கொழுக்கட்டை.

"இன்னாய்யா பேசின அந்தாளுகிட்ட?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இம்மாம் நேரம் பேசிக்கினு இருந்த?"

"சோறு போடு மே."

அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி நானும் திருப்பதிக்குக் கிளம்பினேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து தெலுங்கில் பேசினார். ராத்திரி கதவைத் திறக்கும்போது என் பெண்டாட்டி என் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள், தள்ளாடுகிறதா என்று. குடியை விட்ட பிறகும் காலைத்தான் பார்க்கிறாள். அந்தப் பார்வை என்னைக் கொல்கிறது என்றார். குரல் உடைந்தது. பக்கத்திலிருந்த மண்டிக்காரர் அவர் தோளில் கை வைத்து, "நாக்கூ அந்தே, தம்முடூ" என்றார். எனக்கும் அப்படித்தான் தம்பி என்று அர்த்தம்.

என்னைப் பற்றிய பேச்சு அது. எனக்குத் தெரியாதது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தமிழில் என்னிடம் சோறு போடு என்பதோடு சரி, தெலுங்கில் யாரோ ஒருவரிடம் அழுகை. பொறாமையில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆரம்பித்தேன். "இந்தக் கூட்டமெல்லாம் வாணாம். கார்த்திக பொறக்கப்போவுது, மால போட்டுக்கோ."

முன்பெல்லாம் மாலை போட்ட நாட்களில் அவர் என் கையில் இருந்தார். விடியுமுன் தலைக்குக் குளித்துவிட்டு அவருக்கென்று தனியாகச் சமைப்பேன், சாமி என்று கூப்பிட்டுக் கும்பிடுவேன். ஒரு சொட்டு தொடமாட்டார். எங்கள் தெருவில் பல பெண்களுக்கு வருஷத்திலேயே நிம்மதியான நாட்கள் அவைதான்.

"மால போட்டா கழட்டற நாளுன்னு ஒண்ணு இருக்குது," என்றார். "அத நெனச்சுக்கினே ஓட்டுவேன். கழட்டின அன்னிக்கு நேரா எங்க போவேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்த மண்டிக்காரன் சாமியவிடப் பெரிய ஆளா?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் மேல் இருந்த போன் அடித்தது. மண்டிக்காரர்தான். இன்றைக்கு நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கொட்ட ஆரம்பித்துவிட்டார். எடுத்தது என் வீட்டுக்காரர் என்றே நினைத்திருக்கிறார். ஒயின் ஷாப்புக்கு எதிரில் நிற்கிறேன் தம்பி, மகன் எல்லோர் முன்னாலும் குடிகாரன் என்று சொல்லிவிட்டான், இத்தனை நாள் விட்டும் நான் குடிகாரன்தானாம், அப்படியென்றால் குடித்துவிட்டே போகிறேன் என்று அழுதார்.

இத்தனை நாளாக எதைக் கேட்க வேண்டுமென்று வெந்தேனோ அது என் காதில் விழுந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததுதான் தெலுங்கில் வந்தது: "பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் அண்ணா."

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பேச்சும் நின்றது. ரோட்டில் லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

தலையில் சோப்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து போனை வாங்கினார். புத்தி சொல்லவில்லை, அதட்டவில்லை. "நாக்கூ அந்தே அன்னா," என்றார். பிறகு, போன வாரம் தன் பெண்டாட்டி பஸ்ஸில் கேட்ட கேள்வியைச் சொன்னார். அன்றைக்குத் தானும் கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியதைச் சொன்னார். அவ்வளவு பொறுமையான குரல் அவருக்கு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. நெற்றியில் நுரை வழிந்து காய்ந்தது. நெடுநேரம் கழித்து அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பஸ் ஏறிட்டாரு," என்றார் என்னைப் பார்த்து. "வூட்டுக்குப் போறாரு."

நான் அடுப்படியில் போய் நின்றேன். அழுகை வந்தது. குடித்த அவருக்கு, எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறது. கதவைத் திறந்து காலைப் பார்த்தே கழித்த எனக்கு யார் இருக்கிறார்கள்?

"அந்தாளுக்குப் பொண்டாட்டி இருக்குதா?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"இருக்குது. ஏன், சண்ட போடப் போறியா?"

"நம்பர் வாங்கிக் குடு," என்றேன்.