எங்கள் பூத்தில் ஒரே லைன்

எஸ்.டி.டி. பூத் நடத்துகிறவளுக்கு விரல் வேகமாகவும் காது மந்தமாகவும் இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே நேர்மாறு. ஆரணியில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் முனையில், தொண்ணூறுகளின் நடுவில், போலியோ கால்காரி என்பதற்காக எனக்கு அந்த பூத்தைக் கொடுத்தார்கள். ஒரு மஞ்சள் போர்டு, ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரே ஒரு லைன். இரண்டாவது லைனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

ஊராருக்கு வரும் சேதியும் எனக்கு வரும் சேதியும் அந்த ஒரே லைனில்தான். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், மாசக்கணக்கில் வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். துணைக்கு அவர் தங்கை லில்லி. நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாளில் மணி அடித்தாலே வேலூரோ என்றுதான் எடுப்பேன். ஆஸ்பத்திரி போனுக்காகக் காத்திருந்தவர்கள் இதைப் படித்தால், நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

மந்திரம்

நம்பர் போடத் தெரியாதவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் நானே போட்டுத் தருவேன். ஆஸ்பத்திரி நம்பர் என்றால் முதலில் ரிசீவர் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஒரே ஒரு வரி ஜெபம். ‘ஆண்டவரே, எதுவானாலும் கூட இரும்.’ சாமுவேல் சொல்லிக்கொடுத்தது. அவருக்கு நீளமான ஜெபம் பிடிக்காது. நம்ம வீட்டு விலாசம்கூட ஆண்டவருக்குத் தெரியாதா, எல்லாத்தையும் எதுக்கு ஒப்பிக்கணும் என்பார்.

ஒருநாள் நெசவுக்கார முருகேசன் தறியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் தம்பிக்கு வேலூரில் தலையில் ஆபரேஷன். பிழைத்தானா இல்லையா என்று கேட்க வேண்டும். நான் கண்ணை மூடியதும் மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். “இன்னா முணுமுணுக்கிற? ஜல்தி லைனப் போடு. மந்திரம்லாம் வாணாம்.”

கைராசி

முருகேசனின் தம்பி பிழைத்துக்கொண்டான். அதோடு என் பிழைப்பு மாறியது. எஸ்தரம்மா கை வைத்துப் போட்டால் நல்ல சேதி வரும் என்று அவரே தெருவெல்லாம் சொல்லி வைத்தார். பக்கத்து பூத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, என் வாசலில் மட்டும் கூட்டம் நிற்கும். கையில் ஒன்றும் இல்லை, இது அதிர்ஷ்டமும் இல்லை என்று நானும் சொல்லித்தான் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

பட்டு வியாபாரி ஒருவர், தன் மாமியாரின் டெஸ்ட் ரிசல்ட் கேட்க வந்தவர், நான் என்னதான் சொல்லுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். மனுஷருக்கு முகம் விழுந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே குறைதான். ஊராருக்கு ‘எதுவானாலும்’ என்று ஜெபித்துவிட்டு, சாமுவேலுக்கு மட்டும் திருட்டுத்தனமாக நல்லதையே கேட்டுக்கொண்டிருந்தேன். வியாபாரி அதைக் கண்டுபிடித்தவர் மாதிரியே கேட்டார். “எதுவானாலும்னா இன்னாம்மா அர்த்தம்? நல்லதா ஒண்ணு குடுன்னு கேக்கத் தெரியாதா உங்களுக்கு?”

நாலு மணி

அன்றைக்கு நாலரை மணிக்கு சாமுவேலுக்கு ஆபரேஷன். உள்ளே போவதற்கு முன் நாலு மணிக்கு நானே பேசுகிறேன், நீ அலைந்து வர வேண்டாம், லைனைச் சும்மா வை என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றரைக்கே கூண்டைப் பூட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை கொட்டியது.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓர் அம்மா நனைந்துகொண்டே வந்தார். படவேடு, பெயர் கன்னியம்மா. மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நாலு மணிக்குப் போன் செய்து கேட்கச் சொன்னார்களாம். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் மகனைக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் நாலரை மணிக்குப் படவேட்டு பஸ். அதை விட்டால் ராத்திரிதான். பக்கத்து பூத்துக்குப் போங்கள் என்றேன். மழையில் அங்கே லைன் செத்துவிட்டது என்றார்.

நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த அம்மா கெஞ்சவில்லை, அழவில்லை. ஈரப் புடவையோடு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்துக் கையை வைத்து ஜெபித்து நம்பரைப் போட்டேன். எல்லா லைனும் உபயோகத்தில் இருக்கிறது என்று பதிவு செய்த குரல் சொன்னது. மறுபடி போட்டேன், மறுபடி அதே குரல். நாலு அடித்தது. நாலே கால் ஆனது. பாதியில் நிறுத்தவும் மனசு வரவில்லை, தொடரவும் முடியவில்லை. நாலு இருபத்தைந்துக்கு வார்டு கிடைத்தது. கன்னியம்மா பேசி முடித்து, வாசலில் நின்ற மகனை வேலூர் பஸ்ஸுக்குத் தயாராகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “பொண்ணு கண்ணு முழிச்சிட்டாளாம், ரெத்தம்தான் வேணுமாம். நீயும் யாருக்கோ காத்துகினு இருந்தியே, இப்போ கூப்புடுவாங்க பாரு.”

வெறும் லைன்

ஆறு மணிக்குத்தான் மணி அடித்தது. லில்லி. ஆபரேஷன் மேஜையிலேயே அண்ணன் போய்விட்டார் என்றாள். நாங்க கூப்பிட்டுப் பார்த்தோம் அண்ணி, லைன் கிடைக்கவில்லை என்று அவள் ஆரம்பித்ததும் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி என் எதிரில் யாரையும் பேச விடவில்லை. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனின் கடைசி வார்த்தையை நானே அடைத்துவிட்டேன். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று போதகர் ஆறுதல் சொன்னபோது, அவர் முகத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு மாசம் கழித்து பூத்தைத் திறந்தேன். நம்பர் கொடுப்பார்கள், போடுவேன், அவ்வளவுதான். முருகேசன் மறுபடி வந்தார், தம்பிக்குத் திரும்பவும் தலைவலி. நான் பாட்டுக்கு நம்பரை அழுத்தப் போனேன். அவர் ரிசீவர் மேல் தன் கையை வைத்து மறித்தார். சாயம் ஏறிய விரல்கள். எனக்கு இனி ஜெபம் வராது, விட்டுவிடுங்கள் என்றேன். கையை எடுக்காமலே அவர் கண்ணை மூடிக்கொண்டார். “உனக்கு வரலன்னா நான் சொல்றேன். சாமி, எதுவா இருந்தாலும் கூடவே இரு. இவ கூடவும் இரு.”

லில்லி சொன்னது

அந்த வாரமே நான் லில்லியை வரச் சொன்னேன். நடந்ததை முழுசாகச் சொல் என்று கேட்டேன். ஆபரேஷனுக்கு முன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். ஊசி குத்திய கையாலேயே அவர் நம்பர் போட்டிருக்கிறார். மூன்று தடவையும் பிஸி. அண்ணன் நொந்து போயிருப்பார் என்று அவள் பயந்தாளாம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாசமாக அந்த முகத்தைத்தான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரிசீவர வெச்சிட்டு சிரிச்சாரு அண்ணி. ‘எவனுக்கோ ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுகினு இருக்கா, ஜெபத்துல இருப்பா, தொந்தரவு பண்ணாத, என்னை உள்ள தள்ளிகினு போ’ன்னாரு.”

பத்து வருஷம் பூத் நடத்தி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பிஸி டோன் கேட்டால், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.