துரை தந்த புத்தாண்டு முத்தம்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த பிரெஞ்சுக்காரத் துரையின் பங்களாவில் அம்மா ஆயாவாக இருந்தார். தோட்டத்து லய வீட்டை விட்டுவந்து, பின்புறத்து அறையில் நாங்கள் மூவரும் குடியிருந்தோம். அப்பா அங்கிருந்தே தோட்டத்துக்குப் போய்த் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருவார்.

பத்து வயதுக்காரியான எனக்கு அந்த வீட்டில் எல்லாமே தலைகீழாகப் பட்டது. பாண் ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசைத்துணி மேலேயே போடுவார்கள். சாப்பிட உட்கார்ந்தால் கறி ஆறிப்போகும்வரை பேச்சுத்தான். விருந்தாளி வந்தாலோ ஆண், பெண் பாராமல் கன்னத்துக்கு ஒரு முத்தம். சமையலறைக் கதவிடுக்கில் நின்று, சிரிப்பை அடக்க நான் படாத பாடு படுவேன்.

அந்தச் சிரிப்பு ஒரு ஜனவரி முதல் தேதி காலையோடு போனது. தேநீர் கொண்டுபோன அம்மாவின் தோளைப் பிடித்து, துரை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். துரைசாணி பக்கத்தில் நின்று சிரித்தார். அம்மா தட்டும் கையுமாக விறைத்துப்போனார். விறகோடு வந்த அப்பா ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னைக்கே லயத்துக்குப் போறோம். அதுக்கு முன்னால அவன ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்” என்று அப்பா கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தார்.

“புது வருசத்துக்கு எல்லாருக்கும் அப்படித்தாங்க செய்வாங்க. கொஞ்சம் பொறுங்க” என்று அம்மா கெஞ்சினார்.

அப்பா காதில் ஏறவில்லை. போலீஸ், விலங்கு, ஜெயில் என்று என் மனம் தறிகெட்டு ஓடியது. அறைக்கும் வாசலுக்கும் குட்டி போட்ட பூனையாக அலைந்துவிட்டு, கடைசியில் அப்பாவின் பின்னாலேயே ஓடினேன்.

துரை படியில் நின்றிருந்தார். வேலைக்குப் போகிற ஆளின் கையில் கத்தி இருப்பதில் என்ன அதிசயம் என்று நினைத்தாரோ என்னவோ, முகமெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். அப்பா வாய் திறக்குமுன் அவரைக் கட்டிப்பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று.

அப்பா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அறைக்குத் திரும்பி, கத்தியை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். தோட்டத்துத் துரைமார் வந்தால் தலைப்பாகையை அவிழ்த்து, பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றே வளர்ந்தவர் அவர். பிரம்பால் அல்லாமல் எந்தத் துரையும் அவரைத் தொட்டதில்லை. கன்னத்தைத் தடவியபடியே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

“துரையோட தாடி குத்திருச்சாப்பா?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா” என்றார்.

நான் தேங்காய் எண்ணெய் எடுத்துவர ஓடினேன்.