நான் பன்றியாக இருந்த சனிக்கிழமைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டெக்சாஸில் குடியிருந்த வீட்டுக்குப் பின்புறம் ஒரு கிழவரின் நிலம் இருந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் பழக்குகிறவர் அவர். ஒருநாள், எதற்கும் லாயக்கில்லை என்று ஒரு பழுப்பு நாயை யாருக்கோ கொடுத்துவிடப் பார்த்தார். வேலியோரம் நின்றிருந்த அம்மா, "ஒரு மாசம் எங்கிட்ட விடச் சொல்லு" என்றாள். அவருடைய இழுவை ஆங்கிலத்துக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்குப் பத்து வயது. சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லித் தொலைத்தேன்.

அம்மா ஊரில் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். விசிலைத் தேடி எடுத்துவிட்டாள். நாய்க்கு மோப்பம் பழக, பன்றித்தோல் அடைத்த சாக்கைக் கயிற்றில் கட்டி யாராவது நிலமெல்லாம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த யாராவது நான். என் தோழிகள் ஸ்கேட்டிங் போன சனிக்கிழமைகளில் நான் பன்றி.

"அம்மா, திஸ் இஸ் ஸோ க்ராஸ்!" என்று அருவருப்பில் கத்துவேன்.

"வளைஞ்சு வளைஞ்சு போடி. பன்னி என்ன ஹைவே ரோட்டுலயா போகும்?"

அவள் விசில் ஊதியதும் நாய் மூக்கைத் தரையில் பதித்தபடி என்னைத் தேடி வரும். கிழவர் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார். அம்மா "டேய்" என்றே கூப்பிட்டதால், தன் பெயர் டேய் என்றே அது நம்பியது. பன்றி வாடை அடிக்கிறதென்று ஸ்கூல் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அப்பாவிடம் முறையிட்டேன். "அம்மாகிட்ட நீயே பேசிக்கோ" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதக் கடைசியில் சோதனை. கம்பி அடைப்புக்குள் ஒரு பன்றி. நாய் அதை மடக்கி நிறுத்திக் குரைக்க வேண்டும், கடிக்கக் கூடாது. டேய் போன வேகத்தில் அதன் காதைக் கவ்விவிட்டது. கிழவர் கத்தினார், தொப்பியால் கம்பியை அடித்தார். அது கேட்பதாக இல்லை.

"டேய்! விடுறா!" என்றாள் அம்மா, வெளியிலிருந்தே.

விட்டது. இரண்டடி பின்வாங்கி, பன்றியை மூலையில் நிறுத்தி வைத்து, ஓயாமல் குரைத்தது.

கிழவர் அம்மாவைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். "அவரோட ஆறு நாயையும் நீ ட்ரெய்ன் பண்ணணுமாம். தினமும் வரணுமாம், சம்பளம் தர்றாராம். உன்ன மாதிரி ஆளப் பாத்ததே இல்லையாம்" என்றேன், சலிப்போடு.

அம்மா விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினாள். "என் விசாவுல வேலை பாக்க முடியாதுன்னு சொல்லு."

சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இனிமேல் சாக்கு கிடையாது.

திரும்பி நடக்கும்போது, "என்ன சொன்னாரு அவரு?" என்று கேட்டாள். மறுபடியும் சொன்னேன். வாசலில் ஷூவைக் கழற்றும்போது திரும்பக் கேட்டாள். சாயங்காலம் அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, "அந்த அங்கிள் என்ன சொன்னாருன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அமெரிக்கா வந்து ஐந்து வருஷமாகியும் இவளுக்கு இரண்டு வரி இங்கிலீஷ் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு முறையும் சொன்னேன்.