புல்வெளி எரிந்த கோடை

ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெருமுனையைக் கடந்தால் ஒரு பெரிய புல்வெளி. கோடையில் சில கிழமைகள் மழை பெய்யாவிட்டால் அது லண்டன் என்றே நம்ப முடியாது. புல் வைக்கோல் நிறமாகிவிடும். மண் வெடித்துச் சரளைக்கல் வெளியே தெரியும். அப்படிக் காய்ந்து கிடக்கும்போதுதான் என் கணவருக்கு அந்த இடத்தைப் பிடிக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் சவூதியில், பாலைவனத்து முகாமொன்றில் மின்சார வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் படுத்துத் தூங்க, இவர் கமெராவோடு மணலுக்குள் போய்விடுவாராம். உடும்பு போன்ற முள்வால் பல்லிகள், ஒரே மழைக்கு முளைத்துச் சில நாட்களில் கருகிவிடும் பூக்கள். எங்கள் கல்யாணப் படங்களைவிட அந்தப் படங்கள்தான் வீட்டில் அதிகம்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் இருவருமாக நடக்கத் தொடங்கினோம். நடை என்று சொல்ல முடியாது. பத்தடிக்கு ஒருதரம் குந்திவிடுவார். விழுந்து கிடக்கும் மரக்குற்றியில் வெயில் காயும் சின்னப் பல்லி, வெறும் சரளையில் படர்ந்த செவ்விலைச் செடி எல்லாவற்றுக்கும் நான் காத்து நிற்க வேண்டும்.

"தண்ணியில்லாமல் சீவிக்கிறது எப்பிடியெண்டு இதுகளிட்டைத்தான் கேக்கோணும்" என்பார்.

எல்லாவற்றிலும் வானம்பாடிதான் அவருக்கு உயிர். தரையில், புல்லுக்குள் கூடு கட்டுகிற பறவை அது. வசந்தத்தில் யாரும் மிதித்துவிடாதபடி அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள். நாங்கள் கயிற்றுக்கு வெளியே நிற்போம். பறவை செங்குத்தாக எழும்பி, ஒரு புள்ளியாகிப் பாடிக்கொண்டே இருக்கும்.

பிறகு, பல வருடமாக இருந்த நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், அவர் கண்ணில் இறங்கியது. முதலில் நடுவில் புகை மாதிரி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்று டொக்டர் சொன்னார்.

ஆனால் கமெராவை விடவில்லை. பாட்டு வரும் திசைக்குக் கமெராவைத் தூக்கி அழுத்துவார். வீட்டுக்கு வந்ததும் படங்களை டீவியில் போடச் சொல்வார்.

"எப்பிடி வந்திருக்கு?"

"பறவை இல்லையப்பா. வானம்தான்" என்பேன்.

"ஒரு மூலையிலயும் இல்லையே?"

"இல்லை."

அடுத்ததைப் போடச் சொல்வார். அதிலும் வானம்தான். ஒன்றையும் அழிக்க விடமாட்டார்.

அந்தக் கோடை மழையே பெய்யவில்லை. ஒரு பிற்பகல் அவர் சாப்பாட்டு மேசையில் தலையை நிமிர்த்தி, "புல்லு எரியுது" என்றார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. யன்னல்களைச் சாத்தியும் புகை உள்ளே வந்தது.

தீ அணைந்து, புல்வெளிக்குள் மீண்டும் ஆட்களை விட்ட அன்றே போக வேண்டும் என்று அடம்பிடித்தார். கமெராவை அவரே கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"என்ன தெரியுது? சொல்லும்."

"எல்லாம் கறுப்பு."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"அங்கால ரோட்டு வரைக்கும்."

மரக்குற்றி இருந்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பாதி கரியாகி அது அங்கேயே கிடந்தது. குனிந்து கையால் தடவிக்கொண்டு போனவரின் கையை நான் சட்டென்று பிடித்து விலக்கினேன்.

"ஏன்?"

"பல்லி."

"கிடக்கே?"

"ஓம். ரெண்டு, கருகிக் கிடக்கு."

கமெராவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எடும்."

"இதை ஏன் எடுக்கோணும்?"

"எடும் எண்டு சொல்லுறனெல்லே."

எடுத்தேன். அந்த வருடம் அந்தக் கமெராவில் தெளிவாக விழுந்த ஒரே படம் அது.

அவர் நிமிர்ந்து வானம்பாடியின் பாட்டுக்குக் காது கொடுத்தபடி நெடுநேரம் நின்றார். ஒரு விமானம் போனது. வேறு சத்தம் இல்லை. திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நான் வரேல்லை" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் வரவேயில்லை.

அடுத்த வசந்தத்தில் புல் முளைத்துவிட்டது. கயிறும் கட்டினார்கள். நான் தனியே பல காலைகள் போய் நின்றேன். பறவை வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் கேட்டார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற மகள் போன் எடுத்து, "அப்பாவை வெளியில எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா" என்கிறாள். எங்கே என்று அவளுக்கும் தெரியாது. அவர் கட்டிலின் ஓரத்தில் இருக்கிறார். கூப்பிட்டால் வந்து சாப்பிடுகிறார். மிச்சமிருந்த பார்வையும் போய்க்கொண்டிருக்கிறது.

போன கிழமை தேத்தண்ணி கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"நீர் இப்ப எப்பிடி இருக்கிறீர்?"

"அப்பிடியேதான் இருக்கிறன்."

"அதுதான், உம்மட முகம் எப்பிடியெண்டு எனக்கு மறந்து போச்சு."

கோப்பையை அவர் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.