பாருக்கு வெளியே ஒரு நாற்காலி

ஓட்டலில் தரை துடைக்கிறவளுக்குக் குனிந்தே வேலை என்பதால், மேசைக்கு அடியில் இருக்கிற பிள்ளைகள் முதலில் அவள் கண்ணில்தான் படுவார்கள். என்னைப் போல ஓட்டலில் வேலை பார்க்கிற உங்களுக்கு இது தெரியாததா? இந்த மலையில், நாயுடுபுரத்திலிருந்து நடந்துபோய் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் லவுஞ்சும் பாரும் ஒரே கூடம். நடுவில் கம்பளம் மாறும், அவ்வளவுதான் எல்லை. பிள்ளைகளுக்குக் கம்பளத்தின் நிறமா தெரியும்?

செர்ரிப் பழம்

ஒருநாள் மத்தியானம் மேசைக்கு அடியில் நாலு வயசுப் பையன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கையில் ஆரஞ்சு ஜூஸ் கிளாஸ். அடியில் கிடந்த செர்ரிப் பழத்துக்காக அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். அது பாரில் ஊற்றிக் கொடுக்கிற கிளாஸ் போலிருந்தது. அதை வாங்கி, பாரில் வேலை பார்க்கிற தம்பியிடம் நீட்டினேன். மோந்து பார்த்தவன் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, இதுல வோட்கா கலந்திருக்குக்கா."

என் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தும் துடைப்பானை அப்படியே போட்டுவிட்டு, பையனின் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அந்தம்மா போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "ஒரு வாய்தானேக்கா, குளிருக்கு நல்லதுதான்."

கேட்ட வரம்

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் வெள்ளனே மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "சார், பிள்ளைகளை பாருக்குள்ள விடாதீங்க சார். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்." அழுதே விட்டேன்.

அவர் நல்லவர். அன்றைக்கே கூடத்துக் கதவில் 'பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு மாட்டிவிட்டார். பெற்றவர்கள் குடித்து முடிக்கும்வரை பிள்ளைகள் உட்கார, அந்தக் கதவுக்கு வெளியே, திறந்த வராந்தாவில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றும் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்க கேட்டது கெடைச்சிருச்சுக்கா. இனி பிள்ளைங்க உங்க பொறுப்பு" என்றார்.

வராந்தா

அந்த வாரமே ஒரு சாயங்காலம். ஏழு வயசுப் பெண்ணை அப்பாவிடமிருந்து பிரித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "அசையாம உக்காரு கண்ணு, அப்பா வந்துருவாங்க." உள்ளே யாரோ சோடாவைக் கொட்டிவிட்டார்கள். துடைத்துவிட்டு வெரசா வந்து கதவைத் திறந்தேன்.

வெளியே மேகம் இறங்கியிருந்தது. நாற்காலி தெரிந்தது, பிள்ளை தெரிந்தாள். அவளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், காட்டுமாடு. வெள்ளைக் கால், கறுத்த உடம்பு, கொம்பு ரெண்டும் அவள் தலைக்கு மேலே.

எங்கள் ஊரில் காட்டுமாட்டைக் கண்டால் கத்தமாட்டோம், ஓடமாட்டோம். அது பாட்டுக்குப் போகட்டும் என்று நிற்போம். பார் தம்பி ஒட்டன்சத்திரத்துக்காரன், மலையேறி ஒரு மாசம்தான். என் பின்னால் வந்தவன் வாயைத் திறந்தான். துடைத்த ஈரத் துணியோடு அவன் வாயைப் பொத்தினேன். "பூம்பாறைக் குழந்தை வேலப்பா, நான்தானே அவளைக் கொண்டுவந்து உக்கார வெச்சேன்." வாய்விட்டுச் சொல்லவும் பயம், சாமியை மனசுக்குள்ளேயே கூப்பிட்டேன்.

மாடு நாற்காலி மெத்தையை மோந்தது. ஒரு தடவை மூச்சுவிட்டது. பிள்ளையின் நெற்றிமுடி பறந்தது. பிறகு திரும்பி, புல்லை மேய்ந்தபடி மேகத்துக்குள் போய்விட்டது.

ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதானே ஆன்ட்டி அசையாம உக்காரச் சொன்னீங்க?"

பிள்ளைகளை பாருக்குள் விடலாமா என்று கேட்டால் கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வெளியே எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.